இது தெளிவா, முன்னாடி தெளிவா?

என் மனைவி கண் பரிசோதகர். கடையின் உள்ளறையில் அவள் கண் பார்ப்பாள். முன்கூடத்தில் நான் கண்ணாடிச் சட்டங்கள் விற்பேன். ஒரு முகத்துக்கு எந்தச் சட்டம் எடுப்பாக இருக்கும் என்பது என் துறை. அதற்குள் எந்த நம்பர் போகவேண்டும் என்பது அவள் துறை. பதினான்கு வருடமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளறை நீளமான இருட்டறை. ஒரு கோடியில் கண் காட்ட வந்தவர் உட்காரும் பெரிய நாற்காலி. எதிர்க்கோடிச் சுவரில் ஒரு ஸ்க்ரீன். அதில் மேலே பூசணிக்காய் அளவு எழுத்தில் தொடங்கி, கீழே எறும்பு அளவில் முடியும் ஐந்து வரிகள். அதை ஓட்டுகிற கம்ப்யூட்டர் என் மனைவியின் மேசைக்கு அடியில் இருக்கும். அங்கிருந்து ஒரு நீளக் கேபிள் சுவரோரமாகவே ஊர்ந்து ஸ்க்ரீனுக்குப் போகும். அவள் வந்தவருக்குப் பக்கத்தில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியிலிருந்து ஒரு லென்ஸை எடுப்பாள். சட்டென்று எழுந்து, அவர் மூக்கின்மேல் இருக்கும் கனத்த வட்டச் சட்டத்தில் அதைச் சொருகுவாள். பிறகு அந்தக் கேள்வி.

"இது தெளிவா, முன்னாடி தெளிவா?"

ஒரு நாளைக்கு முந்நூறு தடவையாவது கேட்பாள். வீட்டில் டிவி சேனலை மாற்றினால்கூட இதையேதான் கேட்பாள்.

அந்த மாதம் வந்தவர்கள் பலரும் ஒரே பதிலைச் சொல்ல ஆரம்பித்தார்கள். முன்னாடி.

"முன்னாடிதாம்மா தெரிஞ்சுது. இப்ப ஒண்ணுமே இல்ல," என்றார் ஒரு தையல்காரர்.

"ஒண்ணுமேவா?"

"சுத்தமா. உலகமே இல்ல. இருங்க இருங்க... வந்துருச்சு."

"அப்ப இது தெளிவா இருக்கா?"

"இருக்கு. ஆனா முதல்ல இல்லையே. இதை நம்பலாமாம்மா?"

அவள் குழம்பிப்போய், பழைய லென்ஸையே திரும்ப மாட்ட எழுந்தாள். "ஐயோ, இதுவும் போச்சு!" என்றார் அவர். கடைசியில் இருவருமாகப் பேசி ஒரு நம்பருக்கு வந்தார்கள். நான்கு நாள் கழித்துத் தையல்காரர் கையில் ஒரு சட்டையோடு வந்து நின்றார். அதில் கழுத்துப் பட்டி இடது கையில் இருந்தது.

"வர்றவங்களுக்கெல்லாம் என்னங்க ஆச்சு?" என்று என்னிடம் கேட்டாள். "எந்த லென்ஸ் போட்டாலும் முதல்ல குருடாயிடுறாங்க, அப்புறம் தெளிஞ்சிடுறாங்க. இப்படி ஒரு நோயை நான் எந்தப் புத்தகத்துலயும் படிக்கல."

நான் நல்ல கணவனாகத் தலையை ஆட்டினேன். அவள் துறை அது.

உண்மையை வெளியே கொண்டுவந்தவர் டிரைவிங் வாத்தியார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், ஆள் தாட்டிகம், லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் வேண்டும் என்று வந்திருந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "இருபத்தாறு வருஷமா ஒரு சின்ன இடி கூட கிடையாது சார். ஆனா இந்த எழுத்துப் பலகையைப் பார்த்தா மட்டும் ஸ்டியரிங்கை விட்டுட்ட மாதிரி இருக்கு," என்றார். நான் தைரியம் சொல்லி உள்ளே அனுப்பினேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால், வாத்தியார் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போச்சு! என் கண்ணு போச்சு!"

"கையை எடுங்க சார், பார்ப்போம்," என்றாள் என் மனைவி.

"எதுக்கு எடுக்கணும்? அதான் போயிடுச்சே!"

கண்ணை இறுக மூடியபடியே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "வீட்டுக்குப் போன் போடு," என்று அதற்கே கட்டளையிட்டார். அந்தப் பக்கம் அவருடைய மனைவி எடுத்தார். எங்களுக்கும் கேட்டது.

"எனக்குக் கண்ணு போயிடுச்சு. காரை வித்துடு."

"எந்தக் காரை? பழசையா, புதுசையா?"

"கண்ணு போச்சுங்கிறேன்!"

"அதான் கேக்குறேன், எதை விக்கணும்?"

என் மனைவி அவருக்குத் தண்ணீர் எடுக்கலாம் என்று நாற்காலியிலிருந்து எழுந்தாள். அப்போது நான் வாசலில் நின்று எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்க்ரீன் பொசுக்கென்று அணைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி வந்தது. அவள் எப்போதும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் நிற்பாள். இரண்டு வாரமாக அவள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த விஷயம் அது.

"வாத்தியாரே, கண்ணைத் திறங்க. போனது உங்க கண்ணு இல்ல, எங்க ஸ்க்ரீன்."

ஒரு விரலை மட்டும் விலக்கிப் பார்த்தார். எழுத்தெல்லாம் இருந்தது. போனில் இன்னும் அவர் மனைவி கேட்டுக்கொண்டிருந்தார். "பழசைன்னா பக்கத்து வீட்டுலயே கேட்டாங்க, சொல்லட்டுமா?"

வாத்தியாரை அடுத்த வாரம் வரச்சொல்லி அனுப்பிவிட்டு, என் தம்பியைக் கூப்பிட்டோம்.

என் தம்பியைக் குடும்பத்தில் எல்லாரும் திருப்புளி என்றுதான் கூப்பிடுவோம். ஐந்து வயதில் வீட்டுக் கடிகாரத்தை ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றியபோது வந்த பெயர். இப்போது இரண்டு தெரு தள்ளி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். எதைக் கொடுத்தாலும் முதலில் கழற்றிவிடுவான். என்ன கோளாறு என்று பிறகுதான் கேட்பான்.

அன்றும் வந்ததும் வராததுமாக மேசைக்கு அடியில் புகுந்தான்.

"என்ன ஆச்சுன்னு சொல்லட்டுமா தம்பி?" என்று கேட்டாள் என் மனைவி.

"தேவையில்ல அண்ணி, பார்த்தாலே தெரியுது," என்று அடியிலிருந்து குரல் வந்தது. அவன் இன்னும் எதையும் பார்த்திருக்கவில்லை.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் செய்தான். கேபிளை மாற்றினான். மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். உள்ளே இருந்த தூசியை ஊதியதில் மூவரும் தும்மினோம். ஏதோ ஒரு புரோகிராமை அழித்து வேறொன்றைப் போட்டான். ஸ்க்ரீனின் தலையில் இரண்டு தட்டும் தட்டினான்.

மறுநாள் காலையில் என் மனைவி துவைத்து வந்த வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மாலைவரை பதினோரு பேர். ஒரு தடவைகூட ஸ்க்ரீன் அணையவில்லை. திருப்புளிக்குப் போன் செய்து சொன்னோம்.

"நான்தான் சொன்னேனே," என்றான்.

"எதனால சரியாச்சு தம்பி?"

"எல்லாத்தாலயும்தான் அண்ணி."

அதற்கடுத்த நாள் முதல் ஆளுக்கே அணைந்தது.

திரும்ப வந்தான். இந்தத் தடவை கம்ப்யூட்டரில் குற்றம் இல்லையாம், கரன்ட்டில்தானாம். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பல் டாக்டரம்மாவின் கிளினிக். அவர் பல்லைக் குடையும் மெஷினை ஓட்டும்போதெல்லாம் எங்கள் ஸ்க்ரீனுக்குக் கரன்ட் குறைகிறது என்றான். சொன்னதோடு நில்லாமல் நேரே அங்கே போய்விட்டான்.

"டாக்டரம்மா, நான் சுவரைத் தட்டினா மெஷினை நிறுத்துங்க. ரெண்டு தட்டு தட்டினா ஓட்டுங்க."

நாற்காலியில் வாயைப் பிளந்தபடி ஒருவர் படுத்திருந்தார். டாக்டரம்மா நல்ல மனுஷி, சரி என்றுவிட்டார். அடுத்த இருபது நிமிடம் திருப்புளி இந்தப் பக்கமிருந்து சுவரைத் தட்டினான். ஒரு தட்டா இரண்டு தட்டா என்று அங்கே குழப்பம். கடைசியில் படுத்திருந்தவரே எழுந்துவந்து, பஞ்சு அடைத்த வாயால் எங்களைத் திட்டிவிட்டுப் போனார். என்ன திட்டினார் என்று மட்டும் புரியவில்லை.

மூன்றாவது தடவை வந்து, எழுத்து காட்டுகிற புரோகிராமையே மாற்றிவிட்டான். கண்ணாடியில் தெரிவதுபோல எழுத்தெல்லாம் இடவலம் மாறி நின்றது. ஒரு பாட்டு டீச்சர் வந்து, அதை வாய் கோணிக் கோணி, தலையைத் திருப்பித் திருப்பி, இரண்டு வரி படித்தே விட்டார். மூன்றாவது வரியில் அவர் கழுத்து பிடித்துக்கொண்டது. பழைய புரோகிராமையே திரும்பப் போட்டான்.

இதற்குள் திருப்புளி ஒரு புதுக் கண்டுபிடிப்போடு இருந்தான். "அண்ணி, நல்லா கவனிச்சீங்களா? ஒரு நாள் வருது, ஒரு நாள் வரல. இது ஒற்றைப்படை வைரஸ். தேதி பார்த்து வருது."

"நேத்து பதினாலு. நேத்து வந்துச்சே."

"அப்ப இரட்டைப்படை."

என் மனைவி லென்ஸ் பெட்டியை மூடினாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணியும்.

"தம்பி. கண்ணு தெரியலன்னு ஒருத்தர் வர்றாரு. நான் எடுத்த எடுப்புல அஞ்சு லென்ஸைச் சேர்த்து மாட்டிவிட்டு, 'இப்ப தெரியுதா'ன்னு கேட்டா என்ன ஆகும்?"

"தெரிஞ்சாலும் தெரியும்."

"தெரிஞ்சா, எந்த லென்ஸால தெரிஞ்சுது?"

அவன் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தான். பையில் போட்டான்.

"அதனால நாளைக்குக் கடை லீவு. நீ வா. திருப்புளியை வீட்டுல வெச்சுட்டு வா."

மறுநாள் வந்தவனின் கையில் எதுவும் இல்லை. கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் பையில் போட்டான், பிறகு கக்கத்தில் செருகினான். என் மனைவி அவனைக் கண் காட்ட வருபவர் நாற்காலியில் உட்காரவைத்து, "கையை உட்கார்ந்து அமுக்கிக்கோ," என்றாள். உண்மையாகவே கைமேல் உட்கார்ந்தான்.

அவள் தன் நோட்டைத் திறந்தாள். கண் காட்ட வருகிறவர்களுக்கு எழுதுவது போலவே எழுதினாள். பெயர்: கம்ப்யூட்டர். வயது: ஆறு. தொந்தரவு: மூன்று விநாடி பார்வை போகிறது.

"ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா?"

"கம்ப்யூட்டருக்கு ஏது அண்ணி கண்ணு?"

"முன்னால பில் போடுற கம்ப்யூட்டர்ல இப்படி ஆகுதா?"

"இல்லம்மா," என்றேன் நான்.

"அப்ப ஒரு கண்ணு." எழுதிக்கொண்டாள். "கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?"

"ஒரு மாசம் முன்னாடி எந்தத் தொல்லையும் இல்ல."

"அதுக்கப்புறம் இந்த அறைக்குப் புதுசா என்ன வந்துச்சு? என்னங்க, நீங்கதான வாங்கறது, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நான் நல்லா யோசித்தேன். ஒரு வயர் வாங்கவில்லை. ஒரு பல்பு மாற்றவில்லை. புது மெஷின் எதுவும் இல்லை. "ஒண்ணும் வரல," என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

"அடுத்தது. எப்ப வருது?" முந்தைய நான்கு நாளும் ஸ்க்ரீன் அணைந்தபோதெல்லாம் வந்தவர்கள் கத்தினார்களே, அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எழுதிவைத்திருந்தாள். படித்துக் காட்டினாள். 'கேள்வி கேட்டேன்.' 'கேள்வி கேட்டேன்.' 'கேள்வி கேட்டேன்.' 'தண்ணீர் எடுக்கப் போனேன்.' 'கேள்வி கேட்டேன்.'

திருப்புளி கையை உருவிக்கொண்டு துள்ளினான். "பிடிச்சாச்சு! அண்ணி, உங்க கேள்வியைக் கேட்டுத்தான் அது அணையுது! குரல் வைரஸ்!"

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"இல்லன்னு யாரு சொன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. "சரி, கேட்டுப் பார்ப்போம். அது மட்டும். வேற எதையும் தொடக்கூடாது," என்றாள்.

திருப்புளி நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஸ்க்ரீனைப் பார்த்துக் கேட்டான். "இது தெளிவா, முன்னாடி தெளிவா?" ஒன்றும் ஆகவில்லை. என் மனைவி குரலில் கீச்சென்று கேட்டான். மிரட்டிக் கேட்டான். கொஞ்சிக் கேட்டான். ராகம் போட்டுக் கேட்டான். நானும் என் பங்குக்கு வாசலில் நின்று கேட்டேன். ஸ்க்ரீன் அசையவில்லை.

"அண்ணி, நீங்க கேளுங்க."

அவள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டாள். ஒன்றும் இல்லை. பத்துத் தடவை கேட்டாள். ஒன்றும் இல்லை. நோட்டில் 'கேள்வி குற்றவாளி அல்ல' என்று எழுதினாள். எழுதும்போதே பேனா நின்றது.

"நான் கேக்குறப்ப இப்படி உட்கார்ந்திருக்க மாட்டேனே," என்றாள் மெதுவாக. "நின்னுக்கிட்டுல்ல இருப்பேன்."

சட்டென்று எழுந்தாள்.

ஸ்க்ரீன் அணைந்தது.

மூன்று விநாடியில் எழுத்துகள் திரும்ப வந்தன. உட்கார்ந்தாள், கொஞ்சம் அசைந்து கொடுத்தாள், எழுந்தாள். அணைந்தது. மறுபடி உட்கார்ந்தாள், எழுந்தாள். அணைந்தது.

"தற்செயல்," என்றான் திருப்புளி. அவன் குரலில் சுரத்தில்லை.

"பத்துத் தடவை பார்ப்போம். என்னங்க, எண்ணுங்க."

எண்ணினேன். பத்தில் எட்டுத் தடவை அணைந்தது.

"இப்ப நீங்க."

நான் பருத்தி வேட்டியோடு போய் உட்கார்ந்து எழுந்தேன். எழுத்துகள் அப்படியே நின்றன. நான் முதலில் முன்னால் சாய்வேன், பிறகு முழங்காலைப் பிடிப்பேன், பிறகு ஒரு முனகல், பிறகுதான் எழுவேன். "வேகமா எழுங்க," என்றாள். என் உயரத்துக்கு முடிந்த வேகத்தில் எழுந்தேன். பத்தில் ஒன்றுகூட இல்லை.

திருப்புளி உட்கார்ந்து எழுந்தான். அவன் மினுமினுக்கும் விளையாட்டுப் பேன்ட் போட்டிருந்தான். முதல் தடவையே அணைந்தது.

"ஏன் எனக்கு மட்டும் வரல?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அப்போதுதான் தபால்காரர் வந்தார். கடை லீவு என்று தெரியாமல், தயாரான தன் கண்ணாடியை வாங்கிப் போக வந்தவர், திறந்திருந்த கதவு வழியாக உள்ளறைவரை வந்துவிட்டார். என் மனைவி எழுவதையும், என் தம்பி எழுவதையும், நான் ஓரமாக நின்று "ஏழு... எட்டு..." என்று எண்ணுவதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கண்ணுக்கா, முதுகுக்கா?" என்று கேட்டார்.

"உட்காருங்க, எழுந்திருங்க," என்றாள் என் மனைவி. அவளுக்கு இன்னொரு ஆள் கிடைத்ததில் சந்தோஷம்.

அவர் பையைக் கழற்றி வைத்துவிட்டு மரியாதையாகப் பத்துத் தடவை செய்தார். ஆறு தடவை அணைந்தது. முடித்ததும் கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்து, "நல்ல வித்தியாசம் தெரியுதும்மா. வீட்டுலயும் தினமும் செய்யலாமா?" என்றார். செய்யலாம் என்று சொல்லி அனுப்பினோம். கெடுதல் ஒன்றும் இல்லையே.

அதன்பிறகு என் மனைவி ஒவ்வொன்றாக மாற்றினாள். ஒன்றை மாற்றினால் அதைச் சோதித்து, எழுதி, மறுபடி பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்தது. திருப்புளி தவித்துப்போனான். "அண்ணி, கேபிளையும் கம்ப்யூட்டரையும் சேர்த்தே மாத்திடலாமே, நேரம் மிச்சம்," என்பான். அவள் ஒரு பார்வை பார்ப்பாள். மறுபடி கைமேல் உட்கார்ந்துவிடுவான்.

உள்ளறைக் கம்ப்யூட்டரை எடுத்துவிட்டுப் பில் போடும் கம்ப்யூட்டரை அந்த இடத்தில் வைத்தோம். எழுந்தாள். அணைந்தது. ஆக, கம்ப்யூட்டர் நிரபராதி. அதைக் கேட்டதும் திருப்புளி தலையைக் குனிந்துகொண்டான். அந்த நிரபராதியின் வயிற்றைக் கிழித்தவன் அவன்தான்.

கோட்டைக் கழற்றிவிட்டு மற்றொரு கோட்டைப் போட்டாள். அவளிடம் இரண்டு கோட்டு உண்டு, ஒன்றைத் துவைக்கும் நாளில் மற்றொன்று. ஒன்று பருத்தி, மற்றது வழவழவென்று பாலியெஸ்டர். இரண்டும் முழங்கால்வரை நீளம், உட்கார்ந்தால் நாற்காலிக்கும் அவளுக்கும் நடுவே கோட்டுதான் இருக்கும். பருத்திக் கோட்டோடு இருபது தடவை எழுந்தாள். ஒரு தடவைகூட அணையவில்லை.

"ஒற்றைப்படை வைரஸ்," என்றேன் நான் தம்பியைப் பார்த்து.

பாலியெஸ்டரை மறுபடி போட்டுக்கொண்டு, முன்கூடத்திலிருந்த மர ஸ்டூலைக் கொண்டுவந்து உட்கார்ந்து எழுந்தாள். இருபது தடவை. அணையவில்லை. சுழல் நாற்காலிக்கு மாறினாள். அணைந்தது.

"அப்ப கோட்டும் நாற்காலியும் சேர்ந்தாதான் வருது," என்றாள். நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டாள். நாற்காலியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். அதன் முதுகைத் தடவினாள். பிறகு, தணிந்த குரலில் கேட்டாள்.

"என்னங்க, இந்த நாற்காலி எப்ப வந்துச்சு?"

அவளுக்கு முதுகு வலிக்கிறது என்று நான்தான் ஆசை ஆசையாக வாங்கிவந்தேன். சிவப்பு ரிப்பன் சுற்றி உள்ளறையில் வைத்து, கண்ணை மூடச் சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன்.

"ஒரு... ஒரு மூணு வாரம் இருக்கும்."

"புதுசா என்ன வந்துச்சுன்னு கேட்டேனே?"

"நாற்காலி கம்ப்யூட்டர் இல்லையே!"

திருப்புளி நிமிர்ந்து உட்கார்ந்தான். அன்று முதல் தடவையாக அவன் முகத்தில் ஒளி வந்தது. "அண்ணே, நல்லா யோசிச்சுத்தான் சொன்னியா?" என்றான். நான் அசடு வழிய நின்றேன்.

ஆனால் அவள் என்னைத் திட்டவில்லை. "நீங்க மறைக்கல. நான்தான் கேள்வியைத் தப்பா கேட்டுட்டேன். 'கம்ப்யூட்டருக்கு என்ன வந்துச்சு'ன்னு உங்க காதுல விழுந்திருக்கு," என்றாள். பிறகு நோட்டில் புதிதாக ஒரு வரி எழுதினாள்: 'சம்பந்தம் இல்லாததையும் சொல்லச் சொல்லணும்.'

காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவன் திருப்புளிதான். சாயங்காலம் முழுக்கத் தேடிப் படித்துவிட்டு ஓடிவந்தான். அந்தத் துணி நாற்காலி மெத்தையில் உரசி உரசி மின்சாரம் சேருமாம். சட்டென்று எழுந்தால் நாற்காலிக்கு அடியில் ஏற்றி இறக்கும் குழாய் வழியாகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி பாயுமாம். பக்கத்தில் ஓடும் நீளக் கேபிள் அதை வாங்கிக்கொண்டு ஸ்க்ரீனைத் தடுமாறவைக்குமாம். "நமக்கு மட்டும் இல்ல அண்ணி, நிறைய பேருக்கு வந்திருக்கு. அவங்களும் கம்ப்யூட்டரைத்தான் கழட்டியிருக்காங்க," என்றான். அதில் அவனுக்குப் பெரிய ஆறுதல்.

"இப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டாள்.

"கேபிளை மாத்தலாம், நாற்காலியை மாத்தலாம், தரையில ரப்பர் விரிக்கலாம், கம்ப்யூட்டரைத் தள்ளி வைக்கலாம், ஸ்க்ரீனை..." என்று அடுக்கிக்கொண்டே போனவன், அவள் பார்வையைக் கண்டு நிறுத்தினான். "ஏதாவது ஒண்ணு," என்றான்.

"முதுகு வலி இப்பதான் குறைஞ்சிருக்கு, நாற்காலி இருக்கட்டும். கோட்டை மாத்துறேன்."

பருத்தியில் இன்னொரு கோட்டு தைத்தாள். தைத்தவர் அந்தத் தையல்காரரே. அதற்கு முன் அவரைக் கூப்பிட்டுப் புதிதாகக் கண் பார்த்து, சரியான நம்பரில் கண்ணாடி கொடுத்தோம். கழுத்துப் பட்டி கழுத்திலேயே வந்தது. அந்த மூன்று வாரத்தில் குளறுபடியாக நம்பர் வாங்கிய மற்ற ஐந்து பேரையும் தேடிப்பிடித்து, நடந்ததைச் சொல்லி, மறுபடி பார்த்தாள். ஒருவர் மட்டும் பழைய கண்ணாடியே போதும் என்றார். அதில் தன் மாமியார் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறாராம், அப்படியே இருக்கட்டும் என்றார்.

டிரைவிங் வாத்தியார் வந்து கடைசி வரிவரை கடகடவென்று படித்துச் சான்றிதழ் வாங்கினார். போகும்போது மட்டும் என்னைத் தனியாக அழைத்து, "பழைய காரை நிஜமாவே வித்துட்டாங்க சார்," என்றார். நான் ஒரு கண்ணாடிக் கூடு இலவசமாகக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, மதியம் போல, பக்கத்துப் பல் டாக்டரம்மா வந்தார். அவர் கிளினிக்கில் பிரிண்டர் வேலை செய்யவில்லையாம். தயங்கித் தயங்கி, திருப்புளி சும்மா இருந்தால் கொஞ்சம் வரச்சொல்ல முடியுமா என்றார். சுவரைத் தட்டக் கூடாது என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்.

தம்பியைக் கூப்பிட்டேன். வந்தான். தோளில் பெரிய பை. அதோடு அந்தப் பக்கம் போனான். நானும் என் மனைவியும் எங்கள் பக்கம் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றோம்.

"கடைசியா எப்ப நல்லா பிரிண்ட் ஆச்சு டாக்டரம்மா?"

"நேத்து காலையில."

"அதுக்கப்புறம் இந்த அறையில என்ன மாறிச்சு? சம்பந்தம் இல்லாததையும் சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லையே... ஆங், மேசையைத் துடைக்கிறப்ப பிரிண்டரைக் கொஞ்சம் நகர்த்தினாங்க. அப்புறம் என் பொண்ணு பிறந்தநாள். பலூன் ஊதினோம்."

"பலூனை அப்புறம் பார்ப்போம். முதல்ல பிரிண்டர் நகர்ந்தது."

எதையோ சரக்கென்று இழுக்கிற சத்தம். ஒரு கிளிக். பிறகு பிரிண்டர் ஓடும் சத்தமும், டாக்டரம்மா கைதட்டும் சத்தமும்.

திருப்புளி எங்கள் கடைக்குத் திரும்பி வந்தபோது அவன் முகம் தொங்கிப்போயிருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"என்ன தம்பி, சரியாகலையா?" என்றாள் என் மனைவி, ஒன்றும் தெரியாதவளைப் போல.

"ஆயிடுச்சு அண்ணி. பேப்பர் தட்டு சரியா மூடல, அவ்வளவுதான்." பையிலிருந்த கருவிகளை ஏக்கத்தோடு பார்த்தான். "நாலே நிமிஷம். ஒரு ஸ்க்ரூகூடக் கழட்டல."

என் மனைவி மேசை இழுப்பறையைத் திறந்தாள். மூக்குத்தாங்கி தளர்ந்துபோன பழைய கண்ணாடிச் சட்டங்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அதை அவன் முன்னால் தள்ளினாள்.

"முப்பத்திரண்டு இருக்கு. ஒவ்வொண்ணுலயும் நாலு ஸ்க்ரூ," என்றாள்.

அவன் பையைத் திறந்து, இருப்பதிலேயே சின்ன திருப்புளியை எடுத்தான்.